ஸ்பெயினில் மொழி மாணவராகக் குடியேறிய பின்: எது எங்கே சிக்குகிறது, எப்படி அவிழ்ப்பது

ஸ்பானிஷ் படிக்க 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் ஸ்பெயின் வந்து இறங்கியவர்களுக்கானது இது. 180 நாளோ அதற்குக் குறைவோ என்றால் விசாவே போதும். அட்டை, கைரேகை பற்றிய பகுதிகளைத் தாண்டி வீட்டுச் சிக்கல்களிலிருந்து படியுங்கள்.

முதல் மூன்று மாதம் நடக்கவேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முகவரி, அந்த முகவரியை நகராட்சியில் பதிவது (பத்ரோன்), போலீஸில் கைரேகை, அதன்பின் வெளிநாட்டவர் அடையாள அட்டை. அந்த அட்டையை எல்லோரும் "தியே" என்பார்கள். அதிலுள்ள எண் "நியே". ஓரிடத்தில் வேலை நின்றுபோனால், பெரும்பாலும் பிழை அந்த இடத்தில் இருக்காது. அதற்கு ஒரு படி முன்னால்தான் இருக்கும். கவுண்டரில் இருப்பவர் இதைச் சொல்லமாட்டார்; "இது செல்லாது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அறிகுறி: இணையப் படிவம் பெயரையோ எண்ணையோ ஏற்க மறுக்கிறது

தமிழர்களுக்கு வரும் முதல் இடி இதுதான். ஸ்பானியப் படிவத்தில் பெயருக்கு மூன்று கட்டம்: பெயர், முதல் குடும்பப்பெயர், இரண்டாம் குடும்பப்பெயர். ஸ்பானியர்களுக்கு அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. வெளிநாட்டவருக்கு இரண்டாவது கட்டாயமில்லை. முதலாவதைக் காலியாக விட்டால்தான் படிவம் நகராது. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டமே வெறுமையாக இருக்கும்.

தீர்வு ஊகத்தில் இல்லை, விசா ஒட்டியில் இருக்கிறது. அதன் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் முதல் வரியைப் பாருங்கள். இரட்டை அம்புக்குறிக்கு முன்னால் இருப்பதைக் கணினி குடும்பப்பெயராகப் படிக்கும். பின்னால் இருப்பது பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இல்லாதவருக்குப் பெரும்பாலும் முழுப்பெயரும் முதல் பகுதியிலேயே வந்துவிடும். "கார்த்திக் செல்வம்" முழுவதும் குடும்பப்பெயராக நிற்கும், பெயரிடம் காலி. சிரமமாக இருந்தாலும் அந்தப் பிரிப்பையே நகராட்சி, போலீஸ், வங்கி, பள்ளி நான்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி கொடுங்கள். ஓரிடத்தில் இனிஷியலை விரித்து, இன்னோரிடத்தில் சுருக்கி எழுதினால், ஆறு மாதம் கழித்து இருவரும் ஒருவரல்ல என்று ஏதாவதொரு கணினி சொல்லும்.

எண் மறுக்கப்படுகிறதா? நியே எண் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்றில் ஓர் எழுத்தில் தொடங்கி, ஏழு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து என்று முடியும். அந்தக் கடைசி எழுத்து ஒரு சரிபார்ப்பு. முதல் எழுத்துக்குப் பதிலாக எக்ஸ் என்றால் 0, ஒய் என்றால் 1, இசட் என்றால் 2 வைத்து, வரும் எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதியே அந்த எழுத்தைத் தீர்மானிக்கும். எடுத்துக்காட்டாக, ஒய்-1234567 என்பது 11234567 ஆகும். 23-ஆல் வகுத்தால் மீதி 10. அதற்குரிய எழுத்து எக்ஸ். அதனால் ஒரே ஓர் இலக்கம் மாறினாலும் தளம் உடனே திருப்பிவிடும். கடைசி எழுத்தாக ஐ, ஓ, யு மூன்றும் வரவே வராது. உங்கள் கண்ணுக்கு "ஓ" என்று தெரிந்தால் அது டி (D) அல்லது க்யூ (Q).

அறிகுறி: வீட்டுக்காரர் பத்ரோன் பதிய விடமாட்டேன் என்கிறார்

ஸ்பெயினில் வசிக்கும் எவரும் தாம் வசிக்கும் ஊரில் பத்ரோனில் பதிந்தாக வேண்டும். 1985-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டமே அப்படிச் சொல்கிறது. வீட்டுக்காரர் "கூடாது" என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் அது உங்கள் கடமையைத் தள்ளுபடி செய்யாது. உங்கள் பெயரில் கையெழுத்தான வாடகை ஒப்பந்தமும் பாஸ்போர்ட்டும் இருந்தால் வீட்டுக்காரரின் தனி அனுமதி வேண்டியதில்லை. அறை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஒப்பந்தம் இன்னொருவர் பெயரில் இருந்தால்தான் அனுமதிப் படிவம் வேண்டும். வீட்டுச் சொந்தக்காரரோ, ஏற்கெனவே அங்கே பதிந்த குத்தகைதாரரோ அதில் கையெழுத்திட்டு, தம் அடையாள அட்டை நகலையும் தரவேண்டும்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "மே புவேதோ எம்பத்ரோனார் அக்கி?" இங்கே பதிவு செய்துகொள்ளலாமா? தயங்கினால் வேறு வீடு பாருங்கள். குறைந்த வாடகையில் மிச்சமாகும் பணம், அட்டை கிடைக்காத மாதங்களை ஈடுகட்டாது.

மாட்ரிட்டில் நகராட்சிச் சேவைக்கு 010 என்ற எண்ணில் நேரம் வாங்கலாம். பதிந்ததும் இரண்டு வகைத் தாள் கிடைக்கும். "வொலாந்தே" என்பது தகவல் தாள். பெரும்பாலான வேலைகளுக்கு அதுவே போதும். "சர்த்திஃபிகாதோ" கையெழுத்தும் முத்திரையும் கொண்டது. நீதிமன்றம், வெளிநாட்டுத் தூதரகம் போன்றவற்றுக்கு. கைரேகைக்குப் போகும்போது மூன்று மாதத்துக்குட்பட்ட தாளாக இருக்கட்டும்.

அறிகுறி: "இப்போது நேரம் எதுவும் இல்லை" என்று தளம் சொல்லிக்கொண்டே இருக்கிறது

ஸ்பெயினில் நுழைந்து ஒரு மாதத்துக்குள் தியேவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்கூட்டியே நேரம் எடுக்க வேண்டும். "சீத்தா ப்ரேவியா" என்பது அதுதான். சிரமம் முழுக்க இங்கேதான்.

முதலில் நீங்கள் சரியான சேவையைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்களா என்று பாருங்கள். வேண்டியது "தோமா தே உவேயாஸ்", அதாவது கைரேகை எடுத்தல். "நியே ஒதுக்கீடு" என்ற வரியைத் தொடாதீர்கள். உங்கள் நியே ஏற்கெனவே விசாவில் இருக்கிறது. அதைத் தேர்ந்து நேரம் கிடைத்துப் போனவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள்.

அடுத்து, மாகாணத்தைத் தேர்ந்தபின் "எந்த அலுவலகமானாலும்" என்பதை விடுங்கள். பல மாகாணங்களில் தலைநகருக்கு வெளியே உள்ள சிறு ஊர்க் காவல் நிலையங்களிலும் கைரேகை எடுப்பார்கள். மாட்ரிட் நகருக்குள் கிடைக்காதது அதே மாகாணத்துப் புறநகரில் கிடைக்கும். உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பை அணைத்துவிடுங்கள். அது படிவத்தின் கட்டங்களைக் குழப்பிப் பாதியில் பிழை காட்டச் செய்யும். நிமிடத்துக்கு நான்கு முறை புதுப்பித்தால் தளம் உங்களைச் சிறிது நேரம் தடுத்துவிடும். வாரநாட்களில் காலையில், இடைவெளி விட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் "நேரம் இல்லை" என்ற திரையைத் தேதியும் நேரமும் தெரியப் படம் பிடித்து வையுங்கள். ஒரு மாதக் கெடு தாண்டிப்போனால், நீங்கள் முயன்றீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. நேரத்தைக் காசுக்கு விற்பவர்களிடம் போகாதீர்கள். அரசு இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

அறிகுறி: கைரேகைக்குப் போன இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்

காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று.

புகைப்படம்: இங்கே வேண்டியது 32 × 26 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி. ஊரிலிருந்து கொண்டுவந்த பாஸ்போர்ட் அளவுப் படங்கள் பெரியவை. மெட்ரோ நிலையங்களில் உள்ள தானியங்கிப் படக்கூண்டில் "தி.என்.ஐ." (ஸ்பானியர்களின் அடையாள அட்டை) அளவைத் தேர்ந்தால் சரியாக வரும்.

கட்டணம்: 790 மாதிரி, 012 குறியீடு. அதிலுள்ள நீண்ட பட்டியலில் "முதல் முறை தற்காலிக வசிப்பு அல்லது தங்கல் அனுமதியைச் சான்றளிக்கும் அட்டை" என்ற வரியைத்தான் குறிக்க வேண்டும். தொகை சுமார் 16 யூரோ. புதுப்பித்தல் வரியைக் குறித்தால் தொகை மாறும், தாள் செல்லாது. ஒவ்வொரு படிவத்துக்கும் தனி எண் இருப்பதால் நண்பருடைய தாளை நகலெடுத்துப் பயன்படுத்த முடியாது. வாடிக்கையாளர் அல்லாதவர்களிடம் பல வங்கிக் கிளைகள் காலை நேரத்தில் மட்டுமே, சில கிளைகள் குறிப்பிட்ட கிழமைகளில் மட்டுமே பணம் வாங்கும். முந்தைய நாளே கட்டிவிடுங்கள்.

விண்ணப்பம்: ஈ.எக்ஸ்-17. கையெழுத்து விடுபடுவது அடிக்கடி நடக்கிறது.

நுழைவு முத்திரை: ஃபிராங்ஃபர்ட், பாரிஸ் வழியாக வந்திருந்தால் பாஸ்போர்ட்டில் ஸ்பெயின் முத்திரை இருக்காது. அப்படியானால் வந்த மூன்று வேலைநாளுக்குள் காவல் நிலையத்தில் நுழைவு அறிவிப்பு கொடுக்க வேண்டும். விமானப் பயணச் சீட்டின் கிழிசலைப் பத்திரப்படுத்துங்கள். எந்தத் தேதியில் ஸ்பெயினுக்குள் வந்தீர்கள் என்பதை அது காட்டும்.

இவற்றோடு பாஸ்போர்ட், விசாப் பக்க நகல், பள்ளியின் சேர்க்கைக் கடிதம், பத்ரோன் தாள். அங்கேயே நகலெடுக்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். கைரேகை முடிந்ததும் கையில் ஒரு ரசீது தருவார்கள், "ரெஸ்குவார்தோ". நாற்காலியை விட்டு எழுவதற்குள் அதிலுள்ள பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் மூன்றையும் சரிபாருங்கள். பிழையிருந்தால் அந்த நொடியில் திருத்துவது எளிது. அட்டை அச்சாகி வந்த பின் என்றால் மறுபடி சீத்தா, மறுபடி வரிசை. அட்டை சுமார் ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதத்தில் வரும். அதை வாங்கவும் தனியாக நேரம் எடுக்க வேண்டும்.

அறிகுறி: அட்டை வருவதற்குள் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது

விசாவின் காலம் முடியாதவரை சிக்கல் இல்லை. முடிந்துவிட்டால் வெறும் ரசீதை வைத்துக்கொண்டு திரும்பி நுழைய முடியாது. "திரும்பி வரும் அனுமதி" (ஈ.எக்ஸ்-13) வாங்க வேண்டும், அது 90 நாள் செல்லும். திரும்பும்போது நேரே ஸ்பெயினில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். சென்னையிலிருந்து தோஹா அல்லது துபாய் வழியாக மாட்ரிட் வந்தால் எல்லைச் சோதனை ஸ்பெயினில்தான் நடக்கும். ஐரோப்பாவின் வேறொரு ஊரில் மாறினால் சோதனை அங்கே; அந்த அதிகாரிக்கு இந்தத் தாள் பழக்கமில்லாமல் போகலாம்.

அறிகுறி: வங்கிக் கணக்கு தரமாட்டார்கள், அல்லது கணக்கு வந்தும் அட்டை வரவில்லை

தியே இல்லாதவருக்குப் பாஸ்போர்ட்டை வைத்து "வசிக்காதவர் கணக்கு" திறக்கும் வங்கிகள் உண்டு. கிளைக்குக் கிளை பதில் மாறும். ஒரு கிளையில் மறுத்தால் அதே வங்கியின் இன்னொரு கிளையில் கேளுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள கிளைகளுக்கு மாணவர் தாள்கள் பழக்கம். முழுதும் மறுத்தால் "குவேந்தா தே பாகோ பாசிகா" என்று கேளுங்கள். 2017-இல் வந்த சட்டப்படி, ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டபூர்வமாக வசிப்பவருக்கு அடிப்படைக் கணக்கு மறுக்கப்படக் கூடாது. மாதக் கட்டணம் அதிகபட்சம் 3 யூரோ. மறுப்பை எழுத்தில் கேட்டாலே பல கிளைகளில் பேச்சு மாறும். செலவுக்குப் பணம் யார் அனுப்புகிறார் என்ற தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.

கணக்கு திறந்தாயிற்று, அட்டை மட்டும் தபாலில் வரவில்லை என்றால் கீழே இறங்கித் தபால்பெட்டியைப் பாருங்கள். அடுக்குமாடி வாசலில் வரிசையாக இருக்கும் பெட்டிகளில் உங்களுடையதில் பழைய குடித்தனக்காரர் பெயரே இருக்கும். பெட்டியில் பெயர் இல்லாதவருக்கு வந்த கடிதத்தைத் தபால்காரர் திருப்பிவிடுவார். ஒரு துண்டுத் தாளில் வங்கியில் கொடுத்த அதே பெயரை எழுதி ஒட்டுங்கள். முகவரியில் மாடி, கதவு எண் இரண்டும் வேண்டும். பார்சிலோனாவின் பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேல் "என்த்ரெசுவெலோ", "ப்ரின்சிபால்" என்ற தளங்கள் வந்து, அதன் மேல்தான் "முதல் மாடி" தொடங்கும். எண்ணிப் பார்த்து எழுதினால் தவறிவிடும். கதவில் இருப்பதை எழுதுங்கள்.

கைபேசி எண் வழியாகப் பணம் அனுப்பும் "பிசும்" வேலை செய்யவில்லையென்றால், உங்கள் எண் வேறொரு வங்கியோடு இணைந்திருக்கலாம், அல்லது வங்கியில் இன்னும் ஊர் எண்ணே பதிவாகியிருக்கலாம். முன்கட்டண சிம் வாங்கவும் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். 2007 முதல் அது சட்டம்.

அறிகுறி: சமைக்கும்போது வீடே இருண்டுவிடுகிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் மின்பணியாளரை அழைத்துக் காசு கொடுப்பவர்கள் அநேகம். ஸ்பெயினில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய மின்சக்திக்கு ஒப்பந்த அளவு உண்டு. சிறு வீடுகளில் 3.45 கிலோவாட் சாதாரணம். ஓவன் 2 கிலோவாட், மின்கெண்டி 2, அறைச் சூடேற்றி 1.5 என்று மூன்றையும் போட்டால் 5.5. டிஜிட்டல் மீட்டரே மின்சாரத்தை அறுத்துவிடும்.

வாசலருகே உள்ள சுவிட்ச் பெட்டியைத் திறந்து பாருங்கள். எந்த நெம்பும் கீழே விழவில்லை, ஆனாலும் மின்சாரம் இல்லை என்றால், அறுத்தது மீட்டர். அதிகம் இழுக்கும் சாதனம் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, பெரிய பொது நெம்பைக் கீழே இறக்கிச் சில நொடி பொறுத்து மேலே ஏற்றுங்கள். மீட்டர் தானாகத் திரும்பும்.

"டி" (T) என்ற பொத்தான் உள்ள நெம்பு விழுந்திருந்தால் கதை வேறு; எங்கோ மின்கசிவு. சிறு நெம்புகள் எல்லாவற்றையும் இறக்கி, டி நெம்பை ஏற்றி, பின் சிறியவற்றை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது மறுபடி விழுகிறதோ, அந்தச் சுற்றில்தான் பழுது. அங்கே செருகியிருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி முயலுங்கள். அப்போதும் விழுந்தால் பழுது சுவருக்குள். அது வீட்டுக்காரர் பொறுப்பு.

நம்மூர் மிக்ஸி 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இங்கே தடையின்றி ஓடும். மூன்று முனைத் தடித்த செருகிக்கு மட்டும் மாற்றி வேண்டும். குக்கர் விஷயத்தில் கவனம். அடுப்பு "விட்ரோ" (கண்ணாடித் தட்டுக்கு அடியில் மின்சூடு) என்றால் அலுமினியக் குக்கர் சூடாகும், அடி தட்டையாக இருந்தால். "இந்துக்சியோன்" (இண்டக்‌ஷன்) என்றால் அலுமினியம் சூடே ஆகாது. ஊரில் பெட்டி கட்டும்போதே அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டும் பாத்திரத்தை மட்டும் கொண்டுவாருங்கள்.

அறிகுறி: குளிக்கும்போது வெந்நீர் நின்றுபோகிறது

வீட்டில் எந்த வகை என்று முதலில் அறியுங்கள். சுவரில் மாட்டிய வாயு வெந்நீர்க்கருவி குழாயைத் திறந்ததும் டிக் டிக் என்று பொறி தட்டி, தீ பிடிக்காமல் இருந்தால், அடியில் உள்ள சிறு பெட்டியில் இரண்டு தடித்த 1.5 வோல்ட் பேட்டரிகள் இருக்கும், மாற்றுங்கள். பலருடைய பனிக்காலத் துயரம் இந்த இரண்டு பேட்டரியில் தீர்ந்திருக்கிறது. அதன்பிறகும் இல்லையென்றால் ஆரஞ்சு நிறச் சிலிண்டர் தீர்ந்திருக்கும், அதில் 12.5 கிலோ பியூட்டேன்.

அறைகளையும் சூடாக்கும் "கல்தேரா" என்றால் முகப்பிலுள்ள அழுத்தமானியைப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். 1-க்குக் கீழே வெகுவாக இறங்கினால் கருவி தானே நின்றுவிடும். கீழே உள்ள நிரப்பும் திருகைச் சற்றுத் திறந்து, முள் 1.3 வந்ததும் மூடுங்கள். மூட மறந்தால் அழுத்தம் ஏறி நீர் கொட்டும். மின் தொட்டியென்றால் 50 லிட்டர் இருவருக்குத்தான். மூன்றாமவர் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

தீச்சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தால் அணைத்துவிட்டு, சன்னலைத் திறந்து, பணியாளரை அழைக்க வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். சமையலறைச் சுவரில் உள்ள காற்றுத்துளையைக் குளிருக்காக அடைத்துவிடாதீர்கள். அது உயிர்காக்கும் துளை. சொல்லாமல் வந்து கதவைத் தட்டி, "வாயுச் சோதனை, உடனே பணம்" என்பவரை உள்ளே விடவேண்டாம்.

அறிகுறி: "இறைச்சி வேண்டாம்" என்றும் தட்டில் இறைச்சி வருகிறது

"சின் கார்னே" என்று சொன்னால் பன்றித்தொடை ஹமோனும் சூரைமீனும் அதில் அடங்காது. "நி கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ, நி அத்தூன்" என்று எண்ணிச் சொல்லுங்கள். பருப்புக் குழம்பான லென்தேஹாஸில் பெரும்பாலும் சொரீசோ (பன்றித் தொத்திறைச்சி) துண்டு கிடக்கும். கோர்தோபாவின் சல்மொரேஹோ (குளிர்ந்த தக்காளிக் கூழ்) மேல் ஹமோனும் முட்டையும் தூவுவார்கள். தூவாமல் கேட்டால் தருவார்கள். செவிலில் கொண்டைக்கடலை போட்ட கீரை தைரியமாகச் சாப்பிடலாம், கேட்டுவிட்டு.

வீட்டுச் சமையலுக்கு: "அரோஸ் போம்பா" உருண்டை அரிசி, சாதத்துக்கு ஆகாது, நீள அரிசி வாங்குங்கள். தோலுரித்த சிவப்பு லென்தேஹா என்பது மைசூர்ப் பருப்பு. "அரீனா தே கர்பான்சோ" கடலை மாவு. "பிமென்தோன்" மிளகாய்த்தூள் அல்ல. நிறம் தரும், பெரும்பாலும் காரம் தராது. கறிவேப்பிலைக்கு மாட்ரிட்டில் லவாபியேஸ், பார்சிலோனாவில் ராவால். இரண்டிலும் தெற்காசியக் கடைகள் உண்டு. ஞாயிறன்று பல ஊர்களில் சூப்பர்மார்க்கெட்டுகள் மூடியிருக்கும் என்பதைச் சனிக்கிழமையே நினைவில் வையுங்கள்.

அறிகுறி: காய்ச்சலோடு அரசு மருத்துவமனைக்குப் போனால் காப்பீட்டை ஏற்கவில்லை

விசாவுக்கு எடுத்தது தனியார் காப்பீடு. அதன் மருத்துவர் பட்டியலில் உள்ள இடங்களுக்குத்தான் போக வேண்டும். உடல்நலமாக இருக்கும்போதே வீட்டுக்கு அருகில் உள்ள அவசரப் பிரிவின் பெயரைக் குறித்து வையுங்கள். உயிராபத்து என்றால் பட்டியலெல்லாம் பார்க்க வேண்டாம், 112.

அறிகுறி: வகுப்பில் புரிகிறது, தெருவில் வாய் திறக்கவில்லை

இங்கேயும் பிழை ஒரு படி முன்னால் இருக்கிறது. நாம் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் போட்டுப் பேசுகிறோம். தமிழ் வழியாகப் போனால் பாதி வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது.

காபிக் கடையில் ஆங்கிலத்தை மனதில் வைத்து "எனக்கு ஒரு காபி கிடைக்குமா" என்ற கட்டமைப்பைத் தேடினால் நாக்கு சிக்கும். அங்கே சொல்வது "போன்மே உன் கஃபே": எனக்கு ஒரு காபி போடுங்க. வினைச்சொல்லே "போடு". "மே குஸ்தா" என்பதை ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் வாரக்கணக்கில் தலைகீழாகப் புரட்டுகிறார்கள். நமக்கு அது "எனக்குப் பிடிக்கும்". "மே துவேலே லா கபேசா" என்பது "எனக்குத் தலை வலிக்கிறது". நான்காம் வேற்றுமை அப்படியே. "வோய்" என்றாலே போகிறேன். நான் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, "போகிறேன்" என்பதில் "நான்" இருப்பது போல.

ஒலியிலும் அப்படியே. "தூ" (நீ) என்பதை ஆங்கிலப் பழக்கத்தில் "டூ" என்கிறோம். ஸ்பானிய ஒலி நம் தகரம், நாக்கு பல்லில் படும். "லாதோ"வில் நடுவில் வருவது "அது" என்னும்போது வரும் மெல்லிய தகரம். ஆனால் "காத்தோ" (பூனை) வன்மையானது. தமிழ்ப் பழக்கத்தில் இரண்டு உயிருக்கு நடுவே வல்லினத்தை மெலித்துவிடுவோம். "போக்கோ" என்பது "போகோ" ஆகி, கேட்பவர் விழிப்பார். மனதில் இரட்டித்து எழுதுங்கள்: க்க, த்த, ப்ப. ஒற்றை ரகரம் "பெரோ" (ஆனால்); உருண்டு வரும் றகரம் "பெறோ" (நாய்) என்று அழுத்தி உருட்டும்போது வரும்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பெயர்ச்சொல்லின் ஆண்பால் பெண்பால்: மேசை பெண், புத்தகம் ஆண். ஒவ்வொரு சொல்லையும் எல் அல்லது லா சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். இன்று காலை சாப்பிட்டதற்கு ஸ்பெயினில் "ஏ கொமீதோ", நேற்றுச் சாப்பிட்டதற்கு "கொமீ". தமிழில் இரண்டுக்கும் "சாப்பிட்டேன்" என்று விட்டுவிடுவோம். மரியாதை விஷயத்தில் நமக்குக் கை கூசும். ஸ்பெயினில் ஆசிரியரையும் "தூ" என்றே அழைக்கிறார்கள். "உஸ்தேத்" (நீங்கள்) முதியவர்களுக்கும் அலுவலகக் கவுண்டருக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

தெருப்பேச்சு புரியாததற்குக் காரணம் வேகம் மட்டுமல்ல, விழுங்கல். "கன்சாதோ" (களைப்பு) "கன்சாவ்" ஆகும். "பாரா" (-க்காக) "பா" ஆகும். அந்தலூசியாவில் சொல்லிறுதி ஸகரம் கரைந்துவிடும். கடைக் கவுண்டரில் கேட்பார்கள்: "கே தே போங்கோ" (என்ன போடட்டும்), "அல்கோ மாஸ்" (வேறு ஏதாவது), "கொன் தர்ஹேத்தா" (அட்டையிலா). இந்த மூன்றையும் விழுங்கிய வடிவிலேயே கேட்டுப் பழகுங்கள். சந்தையில் வரிசை கண்ணுக்குத் தெரியாது. உள்ளே நுழைந்ததும் "கியென் எஸ் எல் உல்திமோ", யார் கடைசி, என்று உரக்கக் கேளுங்கள். கை தூக்குபவருக்கு அடுத்து நீங்கள். தினமும் இப்படி ஒருமுறை கேட்பதே நல்ல வாய்ப்பயிற்சி.

ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிடுகிறார்களா? "எஸ்தோய் அப்ரெந்தியெந்தோ" (கற்றுக்கொண்டிருக்கிறேன்) என்று சொல்லி ஸ்பானிஷிலேயே தொடருங்கள். அதைத் தவறாக எடுத்துக்கொள்பவர் அரிது.

அறிகுறி: அனுமதி முடியப் போகிறது, படிப்பு முடியவில்லை

காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பிருந்து நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். முடிந்த பின் மூன்று மாதம் வரை வாசல் திறந்திருந்தாலும் அதை நம்பி இருக்காதீர்கள். படிவம் ஈ.எக்ஸ்-00. பள்ளியின் வருகைச் சான்றும் முன்னேற்றச் சான்றும் இல்லாமல் நகராது, ஆகவே வருகையை முதல் வாரத்திலிருந்தே காப்பாற்ற வேண்டும். பணச் சான்றுக்கு மாத அளவுகோல் இப்ரெம், அரசு நிர்ணயிக்கும் வருமானக் குறியீடு. 2023 முதல் அது 600 யூரோ. காப்பீடு புதிய காலம் முழுதுக்கும் இருக்க வேண்டும். மே 2025-இல் அமலுக்கு வந்த விதிகளில் வாரம் 30 மணி நேர வேலை அனுமதி உயர்கல்வி மாணவர்களுக்குத் தானாக வருகிறது. மொழிப் பள்ளி மாணவருக்கு அப்படி வராது. வேலைப் பணத்தைக் கணக்கில் வைத்துத் திட்டமிட வேண்டாம்.

இடையில் வீடு மாறியிருந்தால் முதலில் பத்ரோனைப் புதிய முகவரிக்கு மாற்றிவிட்டு, தபால்பெட்டியில் பெயரை ஒட்டிவிட்டு, அதன்பிறகே விண்ணப்பத்தை அனுப்புங்கள். பழைய முகவரிக்குப் போகும் கடிதத்துக்குப் பதில் சொல்ல உங்களுக்குக் கிடைக்கும் நாட்கள் சிலவே.